பதினொரு கம்பெனிகளின் இயக்குநர்

பெட்போர்டு திருப்பத்தில், பேக்கரிக்கு மேலே
ஒரே அறை, ஒரே பீரோ,
வாசலில் பதினொரு பெயர்ப்பலகைகள்.
கீழே வர்க்கி வேகும் நேரத்தில்
எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசனை.

நான் செபமாலை. டிரைவர்.
ஒரு சித்திரை மாசம் குரியகோஸ் சார்
"இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்றார்.
பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில்
கையெழுத்துப் போட்டேன்.
எட்டு இலக்கத்தில் ஓர் எண் வந்தது,
நான் இயக்குநர் ஆனேன்.
சம்பளம் அதே பதினாலாயிரம்.
கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதல்.

ஆல்டர்மியர் ஹோல்டிங்ஸ்.
தலை லக்சம்பர்க்கில், இடுப்பு மொரீஷியஸில்,
கால் மட்டும் குன்னூரில் என்பார் சார்.
அந்தக் காலுக்குச் செருப்பு நான்.
"ஹோல்டிங் என்றால் என்ன சார்?"
"பிடித்து வைத்திருப்பது."
எதை என்று கேட்கவில்லை,
கியர் மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் கட்டபெட்டில் ஒரு தேயிலை ஃபேக்டரி.
அதை அடகு வைத்து கொலக்கம்பையில் இரண்டு.
அந்த இரண்டைக் காட்டி கென்யாவில் ஒரு மலை,
அந்த மலையைக் காட்டி
போலந்துத் துறைமுகத்தில் ஏழு கிடங்கு.
காட்டிக் காட்டியே வளர்ந்தது.
மலையை முழுங்கினவனுக்குக் கதவு அப்பளம் என்பார்கள்.
இவர்கள் அப்பளத்தைக் காட்டித்தான்
மலையையே வாங்கினார்கள்.

சேர்மன் லிண்ட் ஒரே தரம் வந்தார்.
பர்லியாரில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார்.
பதினாலு கொண்டை ஊசியிலும் போனைக் கீழே வைக்கவில்லை.
சிக்னல் செத்த ஒரு வளைவில்
முதல்முறையாகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.
அடுக்கடுக்காய்ச் சோலை, அதற்கு மேல் மேகம்.
"இதெல்லாம் யாருடையது?"
"உங்களோடதுதான் சார்."
காட்டிலாகாவுடையது.
வாந்தி எடுத்த மனிதரிடம்
அதையும் எதற்குச் சொல்ல?

சரிவு மண்சரிவு போல வரவில்லை.
அதற்குச் சத்தம் உண்டு, ஜேசிபி வரும்,
பேப்பரில் படம் போடுவான்.
இது ஜனவரி உறைபனி.
ராத்திரி ஒன்றும் தெரியாது.
விடியும்போது தோட்டம் முழுக்க வெள்ளை,
சுற்றுலாக்காரன் இறங்கி நின்று செல்ஃபி எடுப்பான்.
வெயில் ஏறிய பிறகுதான்
கொழுந்து கருகியது தெரியும்.

குரியகோஸ் சார் ஒரு வெள்ளிக்கிழமை
கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரை என்னோடு வந்தார்.
சில்லறை இல்லை, பார்க்கிங்குக்கு நானே கொடுத்தேன்.
நாற்பது ரூபாய்.
கம்பெனி எனக்குத் தர வேண்டியதில்
அதை மட்டும்தான் நான் எழுதி வைக்கவில்லை.

திங்கட்கிழமை கக்குச்சி ஜோகி கவுடர் படியேறினார்.
ஏழு வாரப் பச்சைத்தேயிலைச் சீட்டு,
ரப்பர் பேண்டு போட்டு.
பின்னால் படியெல்லாம் ஆட்கள்,
பேக்கரி வரிசையோடு கலந்து நின்றார்கள்.
"டைரக்டர் யாரு?"
திரும்பிப் பார்த்தேன்.
பீரோ இருந்தது.
"நான்தான்" என்றேன்.
ஜோகி சிரிக்கவில்லை.
என் வண்டியில் எத்தனையோ தரம் லிஃப்ட் கேட்டு ஏறியவர்.
ரொம்ப நேரம் என் செருப்பையே பார்த்தார்.

பிறகு சென்னைத் தீர்ப்பாயத்தின் கடிதங்கள்.
நூற்று நாற்பது கோடிக்கு என் பெயர்.
சொத்து விவரம் எழுதும் கட்டத்தில்
ஸ்வெட்டர் ஒன்று, நீலம், என்று எழுதினேன்.
அதிகாரி அடித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

பலகைகளை ஆளுக்கொன்றாய்க் கழற்றிப் போனார்கள்.
வாரப் பாக்கிக்கு வந்தவரை லாபம்.
ஜோகி எடுத்துப்போன ஆல்டர்மியர் கேபிடல்
இப்போது அவர் கோழிக்கூட்டுக்குக் கதவு.
எட்டுக் கோழிகளைப் பிடித்து வைத்திருக்கிறது.
மரநாய் வரும் ராத்திரிகளிலும்
இதுவரை ஒன்றும் குறையவில்லையாம்.

பதினேழாம் தேதி எனக்கு வாய்தா.
மேட்டுப்பாளையம் வரை பஸ், அங்கிருந்து ரயில்.
ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்,
அங்கே வெயில்.