தேநீர் வேண்டாம் என்பவள்

எரிந்த கிடங்கு, நனைந்த கம்பளம், உடைந்த கடைக்கண்ணாடி.
நட்டத்துக்கு விலை போடுவது முயெஸ்ஸரின் வேலை.
இஸ்தான்புல்லின் இரு கரைகளிலும்
காப்பீட்டுக் கோப்புகளோடு அலைகிறாள்.
எந்தக் கடைக்குள் நுழைந்தாலும்
பேச்சுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்
இடை சிறுத்த குவளையில் தேநீர்.
வேண்டாம் என்றால் முகம் சுருங்கும்;
தொகையைக் குறைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று
அவர்களாகவே முடிவு கட்டுவார்கள்.
அதனால் உதட்டில் வைத்து எடுப்பாள்.
முதலாளி ரசீது தேடக் குனியும் கணத்தில்
ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றுவாள்.
அந்தச் செடிகளில் சில
இப்போது சர்க்கரை கேட்கின்றன.

நாற்பது நிமிடம்.
நல்ல நாளில் ஐம்பது.
கருங்கடல் பக்கமிருந்து காற்று இறங்கும் நாளில்
கணக்கு கிடையாது.

சிறுநீர் என்று பெயர் வைத்தவர் யாராயிருந்தாலும்
மாலை ஆறு மணிக்குப் பாலத்தின் நடுவில்
நகராத பேருந்தில் நின்றவராக இருக்க முடியாது.
கீழே எவ்வளவு பெரிய நீர்!
எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

பயணிகள் அண்ணாந்து கோபுரம் பார்க்கும் இடங்களில்
அவள் குனிந்து, பக்கவாட்டில் இறங்கும் படிகளைப் பார்ப்பாள்.
எது எட்டு மணிக்குப் பூட்டப்படும்,
எங்கே சில்லறை தராமல் விடமாட்டார்கள்,
எந்த உணவகத்தில் கேட்காமலே மாடிப்படி ஏறலாம்,
எல்லாம் மனப்பாடம்.
எதிர்னேயில் நாத்தனார் கல்யாணம்; மூன்று மணி நேரப் பேருந்து.
போகவில்லை. தலைவலி என்றாள்.
பதினோரு வருடமாகக் குடும்பத்தில் அவள் தலைவலிக்காரி.

போன நவம்பரில் எமினோனூவில்,
தரைக்கடியில் இருக்கும் அந்தக் கழிப்பறையில்
ஏழு பெண்கள் வரிசை. முயெஸ்ஸர் முதலாவது.
பின்னாலிருந்து இருபது வயதுப் பெண் ஒருத்தி,
பச்சைச் சாயம் வெளுத்த முடி,
முதுகில் பெரிய அக்கார்டியன் பெட்டி,
"எனக்குக் குடல் நோய். காத்திருக்க முடியாது. விடுங்கள்" என்றாள்.
ரொட்டி விலை கேட்கிற குரலில்.
யாரும் அசையவில்லை.
ஒருத்தி கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.

முயெஸ்ஸர் விலகினாள்.
தன்னிடம் மூன்று நிமிடம்கூட இல்லை என்று தெரிந்தே.
இத்தனை வருடம் தன் தொண்டையில் நின்றுபோன வாக்கியத்தை
ஒரு சின்னப் பெண் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்ட
திகைப்பில் விலகினாள் என்றும் சொல்லலாம்.

பிறகு உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள்.

அந்தச் சத்தத்தை மட்டும் தாங்க முடியவில்லை.
முழுவதும் இல்லை, கொஞ்சம்.
காலுறை வழியாக இளஞ்சூடு,
உடனே குளிர்.
நீளக் கறுப்புக் கோட்டு; யாருக்கும் தெரியாது.
கதவைத் திறந்து வந்தவளுக்குத் தெரிந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
பெட்டியைத் தரையில் நிறுத்தினாள்,
வரிசைக்கும் முயெஸ்ஸருக்கும் நடுவில் ஒரு சுவர்போல.
கொக்கிகளை நீக்கினாள்.
அக்கார்டியன் இல்லை.
மடித்த கால்சட்டைகள், துண்டுகள், ஈரத்தாள், சோப்பு,
பிளாஸ்டிக் பைகள், எலுமிச்சை வாசனைக் கொலோன்.
"வாத்தியத்தை விற்றுவிட்டேன்," என்றாள்,
"பெட்டிக்குத்தான் எனக்கு வேலை அதிகம்.
இது உங்கள் அளவாக இருக்கும், பாருங்கள்."

பெயர் இல்க்னூர் என்று மேலே ஏறும்போது சொன்னாள்.
கால்சட்டையைத் திருப்பித் தர விலாசம் கேட்டதற்குச் சிரித்தாள்.
ட்ராம் வந்தது; போய்விட்டாள்.

காதிக்கோய்ப் படகில்
கழிப்பறைக் கதவுக்கு ஆறடி தள்ளி ஓர் இருக்கை உண்டு.
கடல் பார்க்கவா என்று கேட்பவர்களுக்கு
ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.
அன்று தட்டோடு வந்த தேநீர்க்காரர்
வழக்கம்போல அவளைத் தாண்டிப் போனார்.
"இங்கே ஒன்று," என்றாள்.
தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம்.
இரண்டு கட்டிச் சர்க்கரை போட்டாள்.
முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்ட,
பூப்போட்ட,
யாருடையதோ ஆன கால்சட்டையில்
காற்று புகுந்து விளையாடியது.
கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.
பாதி வழியில் எழுந்து போனாள்.
வந்து இன்னொன்று கேட்டாள்.