சன்னுவாவுக்கு மறந்தது

1846, ஃபாரோ தீவுகள்.
கோபன்ஹேகனிலிருந்து வந்த கப்பலில்
உப்பு, கயிறு, ஒரு பீப்பாய்க்காரன்.
அவன் இருமலுக்குள்
கட்டணம் கொடுக்காத ஒரு பயணி.

அதற்குச் சொந்த அடுப்பு கிடையாது.
வாயில்லை, வயிறில்லை,
தனியாகப் பிள்ளை பெறத் தெரியாது.
அடுத்தவர் உயிரணுவுக்குள் நுழைந்து
அங்குள்ள பாத்திரத்திலேயே சமைத்து
ஒன்று ஆயிரமாகி
வீட்டை இடித்துக்கொண்டு வெளியே வரும்.
நாம் இதை அம்மை என்கிறோம்,
மணல்வாரி என்கிறோம், வேப்பிலை கட்டுகிறோம்.
அவர்களுக்கு அதைத் திட்ட மட்டுமே தெரியும்.

பதினான்காம் நாள் முதல் புள்ளி.
பிறகு புல்வேய்ந்த கூரைகளில்
புகை நின்றது, ஒவ்வொன்றாக.
எட்டுத் துடுப்புப் படகின் தலைவன் ஹானுஸ்
கண் கூசிச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான்.

நடமாடியவர்கள் மூன்றே பேர்.
மூவருக்கும் பாதிப் பல் இல்லை.
அதில் ஒருத்தி சன்னுவா,
மருமகன் ஹானுஸிடம்
தண்டச்சோறு என்று பெயர் வாங்கியவள்.
பதினொரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தாள்.
பசு கறந்தாள். கஞ்சி ஊட்டினாள்.
புள்ளி பூத்த முகங்களைத் துடைத்த கையாலேயே
தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள்.
ஒன்றும் ஆகவில்லை.

பாவம் செய்யாதவள் என்றார்கள்.
மீனெண்ணெய் குடிப்பவள் என்றார்கள்.
கிழட்டு ரத்தம் நோய்க்கே பிடிக்காது என்றான் ஹானுஸ்,
கஞ்சிக்கு வாயைத் திறந்தபடி.

அவளுக்கும் காரணம் தெரியாது.
நாலு வயதில், 1781இல்,
இதே நோயில் பத்து நாள் கிடந்தது
துளியும் நினைவில்லை.
அன்று பக்கத்தில் கிடந்து இறந்த தம்பியின்
பெயர்கூட நினைவில்லை.

தோலும் சளியும் காய்ச்சலும்
வருகிறவனையெல்லாம் அடிக்கிற காவல்.
எலும்பு மஜ்ஜைக்குள் இருந்தவர்கள் வேறு ரகம்.
ஆளறிந்து பிடிப்பவர்கள்.
அறுபத்தைந்து வருஷம் விளக்கணைக்காமல்
அந்த ஒரே முகத்துக்கு
விலங்கு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்,
கவைக்கம்பு போல இரண்டு கை விரித்த
மிக மிகச் சின்ன விலங்கு.
அவளிடம் சொல்லவேயில்லை.

கோடையில் எழுந்தவர்கள் எழுந்தார்கள்.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.
இந்த நோய் போகும்போது
உடம்பு அதுவரை எழுதி வைத்திருந்த
மற்றக் கிருமிகளின் அடையாளங்களில்
பலவற்றை அழித்துவிட்டுப் போகும்,
தன்னுடையதை மட்டும் விட்டுவிட்டு.
அந்தக் குளிர்காலம் முழுக்க ஹானுஸ்
சாதாரணச் சளியைக்கூட
முதன்முதலாகச் சந்திப்பவன் போல இருமினான்.

சன்னுவா கதவைத் தட்டாமல் உள்ளே போய்
வாளியை வைத்தாள்,
நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
பழைய துணிச்சல்.

மூன்றாம் நாள்
அந்த இருமல் அவளுக்கும்.