ரெண்டு படி

கொக்கிரகுளத்தில் எங்கள் பிரிவின் ஜன்னலைத் திறந்தால்
ஆறு தெரியும்.
திறப்பதில்லை.
கோப்புகள் பறக்கும் என்பது சொல்லிக்கொள்ளும் காரணம்.

செவ்வாய்க்கிழமை. சர்வர் மந்தம்.
ராதாபுரம் பக்கத்துக் குவாரிக்காரர்கள் நால்வர்
நடைச்சீட்டுக்கு நின்ற வரிசையில்
ஐந்தாவதாக ஒரு பெண்.
பெயர் சங்கரவடிவு.
வண்ணார்பேட்டை பைபாஸ் முக்கில் கடலை வண்டி.

என்ன கனிமம் என்றேன், பழக்கத்தில்.
'மணல்.'
எத்தனை யூனிட்?
'ரெண்டு படி.'

முக்கால் ஜல்லிக்கு நின்றவர் சிரித்துவிட்டார்.
அவள் சிரிக்கவில்லை.

'எம்-சாண்டுல வறுத்துப் பாத்தாச்சு மேடம்.
அது ஒடச்ச கல்லு, மூலைக்கு மூலை பல்லு.
தோலைக் கீறிருது, மாவா ஒட்டுது,
திங்கவன் துப்புதான்.
ஆத்து மணலுன்னா
உருளதையே வேலையா வச்சிருந்தது.
சூட்டை வாங்கும், கடலைகிட்ட குடுக்கும்,
தனக்குன்னு ஒண்ணும் வச்சிக்கிடாது.
எங்கிட்ட இருந்தது பதினோரு வருசத்து மணல்,
கருத்து, எண்ணெய் குடிச்சு, மினுமினுன்னு.
போன வாரம் சட்டி விரிஞ்சு
அம்புட்டும் வாறுகால்ல போயிட்டு.
படித்துறையில அள்ளப் போனேன்.
ஒரு தம்பி போன்ல படம் எடுத்து
மணல் திருட்டுன்னான்.
அதான், சீட்டு வாங்கிட்டே அள்ளுவோம்னு.'

விண்ணப்பத்தை எடுத்தேன்.
புல எண். உட்பிரிவு. கன மீட்டர்.
வாகன எண்?
'இடுப்பு' என்றாள்.
பயன்பாடு: கட்டுமானம், சாலை, இதர.
இதரவுக்கு எதிரே ஒரு விரற்கடை இடம்.
கடலை வறுக்க என்று எழுதினால் கொள்ளும்.
ஆனால் கணினியில் ஆற்று மணல் என்ற வரி
சாம்பல் நிறத்தில் கிடக்கிறது;
எத்தனை முறை சொடுக்கினாலும் விழிக்காது.

இல்லை என்று சொல்ல எனக்குப் பதினாறு வாக்கியங்கள் தெரியும்.
அன்று ஒன்றும் வரவில்லை.

காலையில் மட்டும் அறுபத்து மூன்று நடைக்கு
முத்திரை வைத்திருந்தேன்.
புறப்படும்போது சரளும் சல்லியுமாக இருப்பது
புளியரை ஏறி இறங்கி
யார் வீட்டிலோ தளமாகும், தண்ணீர்த் தொட்டியாகும்,
பூனை படுக்கும் மதிலாகும்.
என் வீட்டு மாடியே
நேரம் முடிந்த ஒரு சீட்டில்
விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்கியதுதான்.
கொத்தனார் சலித்தபோது
கிளிஞ்சல் துண்டுகள் தனியே ஒதுங்கின.
மகள் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

கீழே வளாகத்தில்
மாசானமுத்துவின் டாரஸ் நிற்கிறது, நான்காவது வருடமாக.
வழக்குச் சொத்து.
தார்ப்பாய் கிழிந்து, மணலில் ஓர் ஆமணக்கு முளைத்து
காய்த்தும்விட்டது.
வாய்தாவுக்கு வரும்போதெல்லாம்
அவர் ஒரு சுற்றுச் சுற்றி
டயரை மிதித்துப் பார்த்துவிட்டுப் போவார்.
காற்று இல்லாதது அவருக்கும் தெரியும்.

சங்கரவடிவு இறங்கிப் போனவள் அதன் பக்கத்தில் நின்றாள்.
பின்கதவின் இடுக்கில்
மணல் தானாகவே கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.
துணிப்பையை உதறினாள்.
நான் மாடிப்படியில் நின்று
மணி பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கார்த்திகையில் அளவு எடுத்தோம்.
மகஜரில் உள்ளதற்கும் நாடாவில் வந்ததற்கும்
அரை யூனிட் இடித்தது.
மழையில் கரைந்தது என்று எழுதினேன்.
எல்லா லாரிக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.
குறைந்ததெல்லாம் கடலைக்குப் போனதல்ல.

அன்று பஸ்ஸுக்கு முன்னால்
பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன்.
'இன்னும் பழகல மேடம், கருக்க மூணு மாசம் ஆவும்' என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.

சமாதானபுரம் நிறுத்தத்தில்
கடைவாயில் ஒன்று நறுக்கென்றது.
நடத்துநர் சில்லறை கேட்டார்.