வடிதாள்

போகும்போது ஓர் எடை. வரும்போது ஓர் எடை.
கழித்தால் கிடைப்பது காற்று.
அறிக்கையில் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
தஞ்சாவூர் ஆய்வகத்திலிருந்து
வடிதாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
நாகையில் பஸ் மாறி வருகிறேன்.
வெட்டாறு கடலில் விழுகிற இடத்தில் துறைமுகம்.
விழுவதற்கு இப்போது ஆறில்லை.
மேட்டூர் மூடி ஐம்பது நாள்,
மதகுக்குக் கீழே மணல்தான்.
கடைமடை. எல்லாம் கடைசியில்தான் வரும் இங்கே,
கரி தவிர.

கப்பலடியில் கலங்கலை அளந்தேன்.
பளுதூக்கியின் இரைச்சலை அளந்தேன்.
நட்ட வேம்புகளை எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு,
பட்டுப்போனவையும் சேர்த்தி.
ஞானப்பிரகாசம் சார் டீ வாங்கிக் கொடுத்தார்.
போன தடவை எண்பத்தேழு,
இந்தத் தடவை தொண்ணூறு தொட்டுட்டா
பசுமைத் துறைமுகம்னு போர்டு வெச்சிரலாம்.
காற்றுமானி
அலைதடுப்புச் சுவரின் கிழக்குக் கோடியில்,
எப்போதும் போல.
கொண்டல் அடிக்கிற பங்குனியில்
கடலைத்தான் குடிக்கும் அது.
தாள் வெள்ளையாகவே திரும்பி வரும்.

மதிலுக்கு மேற்கே
ஜொகரா கொடியிலிருந்து துப்பட்டியை எடுக்கிறாள்.
என் வயதுதான் இருக்கும்.
உதறவில்லை.
ஒதறுனா வீட்டுக்குள்ளதான் போவும் சார்.
அப்படியே சுருட்டி வாளிக்குள், மறுபடியும்.
தொழுகைக்கு உடுத்தும் வெள்ளை.

மிச்சமிருந்த ஒரு வடிதாளை
அவள் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
காஞ்சதும் எடுத்துக்குங்க, என்றாள்.
ஒரு பகலும் ஓர் இரவும் ஆடியது.

ஆய்வகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
நான்கு தசமம் காட்டும் தராசு.
எண் ஏறி, தயங்கி, இன்னும் ஏறி நின்றது.
படிவத்தைப் புரட்டினேன்.
இந்த இடத்துக்கு நிலைய எண் இல்லை.
உறிஞ்சிய கனமீட்டர் இல்லை.
துணிக்கொடி
அங்கீகரித்த கருவிகளின் பட்டியலில் இல்லை.
முறைப்படி இது அளவே கிடையாது.
வேறு யாராவது செய்திருந்தால்
நானே அப்படித்தான் எழுதித் தள்ளியிருப்பேன்.

பூச்சியப் பொத்தானை அழுத்தினேன்.
தாள் உள்ளே இருக்க, தராசு
ஒன்றுமில்லை என்றது.
தாளை வெளியே எடுத்தேன்.
அதே எண்,
கழித்தல் குறி போட்டுக்கொண்டு
மினுங்கிக்கொண்டிருக்கிறது
வெறும் தட்டின் மேல்.