உரிமம்

நாய்க்கு உரிமம் இருக்கிறது,
அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
தொலைக்காட்சிக்கும் உண்டு.
லெய்ட்ரிம் மழையில் துருவேறி நிற்கும் டிராக்டருக்குக்கூட
எங்கோ ஒரு காகிதம்.

இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
ஒன்பது பேர் என் சட்டையைக் கழற்றினார்கள்.
ஒன்பது பேரிடமும் வாசல் சாவி.
நீ யாரென்று கேட்க எனக்குக் கூச்சம்,
சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.
அரைமணிதான் கணக்கு.

பிப்ரவரியில் ஒருத்தி
தண்ணீர் ஆறிச் சில்லிடும்வரை
என்னைத் தொட்டியில் விட்டுப் போனாள்.
பெயர் மஜெல்லா என்றிருந்தாள்.
அந்த எண்ணில் இப்போது மீன்கடைக்காரன் பேசுகிறான்.
அவளை அனுப்பிய நிறுவனத்தைத் தேடிப் போனான் என் மருமகன்.
பலகை தொங்கிய ஆணி மட்டும் இருந்ததாம்.

இன்று பதிவு அலுவலகத்திலிருந்து ஒருவர்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
நாய் அவர் காலுறையை மோந்து பார்த்துவிட்டு
விலகிப் படுத்தது.
முப்பத்தெட்டுக் கேள்விகள்.
"புகார் ஏதும் உண்டா, மிஸ்டர் மெக்மாரோ?"

முதுகு தேய்க்க வருபவளின் கை
ஜில்லென்று இருக்கிறது என்றேன், சும்மா.

சிரிக்கவில்லை அவர்.
எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான்
தொட்டியைப் பற்றிச்
சொல்ல ஆரம்பித்தேன்.