வெற்றுப் புட்டி

வாசனைத் திரவியம் இல்லை. கைக்கிரீம் இல்லை.
நகப்பூச்சை நேற்றிரவே துடைத்தாயிற்று.
பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் பதினொன்று
சூளையில் சுட்டு, வாயில் ஃபாயில் சுற்றி,
காரின் பின்சீட்டில்
பல் கடித்துக்கொண்டே வருகின்றன.

சாஸவா ஆற்றின் மேல் பனி எழும்பவில்லை இன்னும்.
பம்ப் நிலையத்துக் கதவைத் திறந்துவிட்டு
ஹினெக் கேட்கிறார்:
"குழாய்த் தண்ணீரில் அப்படி என்னதான் தேடுகிறீர்கள்?"
ஆண்மீன் வயிற்றில் முட்டை இருந்தது
என்று சொல்ல வாயெடுத்து
"வழக்கமான சோதனைதான்" என்கிறேன்.
அவர் மகள் முழுகாமல் இருக்கிறாள்.
போன மாதம் அவரே சொன்னது.

பத்துப் புட்டிகளில் ஊரின் தண்ணீர்.
பதினொன்றாவதில்
மேலாற்றுப் பக்கமுள்ள எங்கள் ஆய்வகத்திலிருந்து
கொண்டுவந்த, ஒன்றுமே இல்லாத தண்ணீர்.
இங்கே திறந்து, இந்தக் காற்றைக் காட்டி,
மூடித் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.
பொய் சொல்லத் தெரியாத சாட்சி.

சோதிப்பது ஈஸ்ட்.
ரொட்டியை உப்பவைக்கும் அதே ஈஸ்ட்தான்;
யாரோ அதற்குள்
மனித மரபணு ஒன்றைத் தைத்துவிட்டார்கள்.
பெண் ஹார்மோனின் சாயல் பட்டால் போதும்,
மஞ்சள் சிவக்கும்.

மூன்றாம் நாள்
தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
ஊர்த் தண்ணீர் பத்தும் மங்கலான ஆரஞ்சு,
மஞ்சளா சிவப்பா என்று
இரண்டு பேர் நின்று சண்டை போடலாம்.
வெற்றுப் புட்டி மட்டும்
செக்கச்செவேல்.

கையுறையைச் சந்தேகித்தேன். மூடியை. காரை.
ஹினெக்கின் கதவுப்பிடியைக்கூட.
கடைசியில்தான்
இடது முன்கை.

காலை ஆறு மணி, பல் துலக்கியதும்
இரண்டு அழுத்து ஜெல்.
மாதவிலக்கு நின்று இரண்டு வருடம்.
இரவில் உடம்பு அடுப்பாகாமலிருக்க
டாக்டர் எழுதிக்கொடுத்தது.
அதைக் கிரீம் என்று நான் எண்ணியதே இல்லை.
அது மருந்து.

படிவத்தில் ஒரு கட்டம்: மாசின் மூலம்.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
'மாதிரி எடுத்தவர்' என்று எழுதி
கையெழுத்திட்டேன்:
பிளாஷெனா க்ரூலோவா.

இனி முதலிலிருந்து. மேயர் அலுவலகத்துக்கு
'முடிவு இல்லை' என்று கடிதம் போகும்;
'குறை இல்லை' என்று படித்துக்கொள்வார்கள்.
ஹினெக் வீட்டில்
கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.
நுரை சுழன்று சிங்கில் இறங்குகிறது.
அது எங்கே போகிறது என்று
குழாய் குழாயாக
எனக்குத் தெரியும்.