ஒன்பது காசு

கடையாலுமூட்டுக்கு மேலே எனக்கு
முன்னூற்று இருபது மூடு ரப்பர்.
மூன்றரைக்கு முதல் வெட்டு.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி,
சட்டைப் பையில் இரண்டு பேர்
டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பெயர் என் வாய்க்கு வராது.
ஆளில்லாத அறை, தூங்கி வழியும் நடுவர்,
நாற்காலியில் யாரோ மறந்துபோன துண்டு.
வோலாக், ப்ரொகெஷ்.
வென்றவன் பங்கு ஒரு ரூபாய்.
தோற்றவன் பங்கு ஒன்றுமில்லை.
அதுவரை இருவரும் காசுதான்:
முப்பத்தெட்டு, அறுபத்திரண்டு.

முப்பத்தெட்டில் வோலாக்கை இரண்டாயிரம் பங்கு வாங்கினேன்.
கிட்டத்தட்ட இன்றைய வெட்டுக்கூலி.

ஏன் வோலாக் என்றால்
சர்வீஸுக்கு முன் வலையோரம்
உள்ளங்கையைத் துடைப்பான்.
தளர்ந்தால் இரண்டு முறை.
விலைக்கு இது தெரியாது.
ஆறு மாதமாய்ப் பார்க்கிற எனக்குத் தெரியும்,
பட்டையில் விரல் வைத்ததும்
இந்த மூடு இன்று ஏமாற்றும் என்று தெரிவதுபோல.
அப்படித் தெரிந்துதான் ஆவணியில்
பெல்சியின் குழுத் தவணை போனது.
ஒட்டுப்பால் விலை இறங்கிவிட்டது என்றேன் அவளிடம்.
இறங்கியும்தான் இருந்தது.

நாற்பதாவது மூட்டில் முதல் செட் போயிற்று.
எழுபதில் இரண்டாவது.
வோலாக், ஒன்பது காசு.

ஒன்பது என்பது அவன் பலம் இல்லை.
இந்நேரம் உறங்காதவர்கள்
அவனைப் பற்றி நினைப்பது.
அவன் ஒரு முறைதான் துடைத்தான்.

கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.
பால் காய்ந்த பெருவிரலைத் திரை மதிக்கவில்லை,
சுண்டுவிரலால் அழுத்தினேன்.
இன்னும் மூவாயிரம்.
கேட்ட உடனே கிடைத்தது.
அப்படியானால் விற்ற ஒருவன்
எங்கோ விழித்திருக்கிறான்.

நிமிர்ந்தபோது பார்த்தேன்,
ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில்
வில்பிரட்டின் விளக்கு.
மரம் மரமாய் நகர வேண்டியது
நகராமல் நிற்கிறது,
தன் நெஞ்சையே குனிந்து பார்த்தபடி.

மூன்றாவது செட், இருபத்தாறு காசு.
நான் வெட்டினேன். அவனும் வெட்டினான்.
நான்காவது, ஐம்பத்தொன்று.
இருவரும் நின்றோம்.
கடைசி செட்டில் அறுபத்தெட்டு வரை ஏறியபோது
வோலாக் துடைத்தான்,
மறுபடியும் துடைத்தான்.
அத்தனையும் விற்றேன்.
கேட்ட உடனே போயிற்று.

எதிர்ச் சரிவில் விளக்கு
மெல்லத் தலை தூக்கியது.

எட்டு மணிக்குப் பால் அளக்கிற இடம்.
“எப்பிடிலே?”
“மழை வாற மாதிரி இருந்து. வரல்ல.”
“ஷீட்டு நூத்தித் தொண்ணூறாம்.”
“எவன்தான் போடுதானோ இந்த வெலய.”
சிரித்தோம்.
யார் ஜெயித்தது என்று நான் போனில் பார்க்கவில்லை,
அவன் முகத்தில் தேடினேன்.
வில்பிரட்டின் முகம் ஓய்வுக்கு விட்ட மரம்.
எங்கே கீறினாலும் ஒரு சொட்டு வராது.

இன்று வேறு இருவர், பெண்கள்.
பதினேழாவது மூட்டில் ஒருத்தி நாற்பத்து நான்கு.
வாங்குவதற்கு முன்
என் விளக்கை அணைத்தேன்.

எதிர்ச் சரிவும் அணைந்தது.

வெட்டிய பதினேழு மூட்டிலும்
சிரட்டைக்குள் பால் சொட்டுகிற சத்தம்.
மீதி முன்னூற்று மூன்று காத்திருக்கிறது.
அவனுக்கும் அத்தனை இருக்கும்.
விளக்கை முதலில் போடப்போவது யார்?

வில்பிரட் என்றால்
அறுபது காசு தருவேன்.